கடைக்கு பில் மெஷின் பூட்டுவது எப்படி? யாழ்ப்பாணக் கடைக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

கஸ்தூரியார் வீதியிலிருந்து சுன்னாகம் சந்தை வரை, பலசரக்குக் கடை, மருந்துக்கடை, பேக்கரி, புத்தகக்கடை என்று எங்கே போனாலும் இப்போது முன் மேசையில் ஒரு தொடுதிரை பில் மெஷினைக் காணலாம். ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், பல இடங்களில் அது வெறும் கூட்டல் மெஷினாகத்தான் ஓடுகிறது. சாமானின் பெயர் திரையில் கிடைக்காமல் ‘இதர’ என்ற பொத்தானை அழுத்தி, விலையை மட்டும் அடித்து, பில்லைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். மாதக் கடைசியில் எது ஓடியது, எது தேங்கியது, எதில் நட்டம் என்று கேட்டால் மெஷினிடம் பதில் இருக்காது.

இதற்கு மெஷினைக் குறை சொல்ல முடியாது. திரையையும் பிரிண்டரையும் பூட்ட அரைநாள் போதும். சாமான் பட்டியலைத் தயார் செய்யத்தான் கிழமைக்கணக்கில் வேலை இருக்கிறது. அந்த வேலையை மெஷின் வாங்குவதற்கு முன்பே தொடங்குங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது. கீழே உள்ளதை ஒரு மேசை, ஒரு திரை, விண்டோஸில் ஓடும் மென்பொருள் உள்ள நடுத்தரப் பலசரக்குக் கடையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்றக் கடைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

திரை 15 அங்குலம் அளவில் இருந்தால் கைக்கு இலகு. இப்போது வரும் பெரும்பாலான திரைகள் கைபேசித் திரை போன்றவை, மெதுவாகத் தொட்டாலே போதும். ஆனால் ஈரக் கையோடு தொட்டால் தடுமாறும். மீன், இறைச்சி, மரக்கறிக் கடையாக இருந்தால் அழுத்தத்தில் வேலை செய்யும் பழைய வகைத் திரையே நல்லது. அதை நகத்தாலும் அழுத்தலாம், கையுறையோடும் அழுத்தலாம். விண்டோஸ் 10 போட்ட பழைய மெஷினை மலிவாகத் தருகிறோம் என்பார்கள். அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறுமா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை மூன்று கேள்விகள் முக்கியம். இணையம் அறுந்தால் பில் அடிக்க முடியுமா? தமிழ்ப் பெயர் பில்லில் ஒழுங்காக விழுமா? ஒரே பார்கோட்டுக்கு இரண்டு விலை வைக்க முடியுமா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. நம் நாட்டில் அதுதான் தலையிடி.

ஒரு பிஸ்கட் பக்கற்றின் விலை கூடினால், தட்டில் பழைய சரக்கும் இருக்கும், புதிய சரக்கும் இருக்கும். பழையதில் 100 ரூபாய் என்று அச்சிட்டிருக்கும், புதியதில் 120. பார்கோட் இரண்டிலும் ஒன்றுதான். பக்கற்றில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வழக்குப் போடலாம். பழைய பக்கற்றை 120க்கு அடித்துவிட்டால் கடைக்காரர்தான் மாட்டுவார். நல்ல மென்பொருள் என்றால், ஸ்கேன் பண்ணியவுடன் ‘100, 120, எது?’ என்று திரையில் கேட்கும். இதைச் செய்யாத மென்பொருளைப் பலசரக்குக் கடைக்கு வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகத் தந்தாலும்.

சாமான் பட்டியல்

எக்செல்லில் ஒரு தாள் திறந்து பார்கோட், தமிழ்ப் பெயர், பில்லுக்கான குறும்பெயர், பகுதி, அலகு, கொள்வனவு விலை, விற்பனை விலை, இருப்பு என்று நிரல்களைப் போடுங்கள். தட்டுத் தட்டாக, ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் முடியுங்கள். நினைவிலிருந்து எழுதினால் பாதி விடுபடும்.

பார்கோட் நிரலில் எதையும் அடிப்பதற்கு முன், அந்த நிரல் முழுவதையும் ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் எக்செல் அந்த 13 இலக்கங்களையும் பெரிய எண் என்று எடுத்துக்கொண்டு, ‘4.79’ என்று சுருக்கி அடுக்குக்குறி போட்டுக் காட்டும். பூச்சியத்தில் தொடங்கும் பார்கோட்டின் முதல் பூச்சியத்தை விழுங்கியும் விடும். இலங்கையில் பதிவான பார்கோட்கள் 479 என்று தொடங்கும், இந்தியாவில் பதிவானவை 890. பட்டியலை ஒருமுறை கண்ணோட்டம் விட்டால், 13 இலக்கம் இல்லாத வரி உடனே தெரியும். சிறிய பக்கற்றுகள் சிலவற்றில் 8 இலக்கப் பார்கோட் உண்டு, அது பிழையில்லை.

தமிழ்ப் பெயர்களை, எந்தக் கணினியும் தமிழாகவே வாசிக்கும் யூனிகோட் முறையில் அடியுங்கள். பல கடைகளில் பழைய விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே மென்பொருளுக்குள் ஏற்றினால், மிளகாய்த்தூள் என்ற இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் ஒட்டி, யூனிகோடாக மாற்றி எடுங்கள். கடைசியில் மென்பொருளுக்குள் ஏற்றுவதற்கான சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கும்போது, சாதாரண சிஎஸ்வி வகையைத் தேர்ந்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையைத் தேடித் தேருங்கள்.

பார்கோட் இல்லாத சாமான்களுக்கு நீங்களே இலக்கம் கொடுக்க வேண்டும். பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல், கச்சான், கடையிலேயே பொதி செய்யும் செத்தல் மிளகாய் எல்லாம் இதில் அடங்கும். 20 முதல் 29 வரை தொடங்கும் இலக்கங்கள் உலகெங்கும் கடைகளின் உள்பாவனைக்கு ஒதுக்கப்பட்டவை. அதற்குள் நின்றால் வேறு கம்பனியின் பார்கோட்டோடு முட்டாது. பகுதிகளைக் குறைவாக வையுங்கள். அரிசி–மா, பருப்பு–தானியம், சரக்குத்தூள், எண்ணெய், பிஸ்கட், சோப்–சவர்க்காரத்தூள் என்று பத்துப் பன்னிரண்டு போதும்.

சோடா போத்தலுக்கு வைப்புக்காசு வாங்குகிறீர்களா? அதைத் தனிச் சாமானாகப் போடுங்கள், திரும்பி வரும்போது அதே பெயரில் கழிக்கலாம். தொலைபேசி ரீலோட்டையும் தனிப் பகுதியாக வையுங்கள். 500 ரூபாய் ரீலோட்டில் உங்களுக்கு நிற்பது சில ரூபாய்தான். அது மற்ற விற்பனையோடு கலந்தால் கடை நன்றாக ஓடுவதுபோல ஒரு பொய்த் தோற்றம் வரும். பொலித்தீன் பையையும் மறக்க வேண்டாம். 2025 நவம்பர் 1 முதல் அதை இலவசமாகக் கொடுக்க முடியாது, விலை பில்லில் தெரிய வேண்டும்.

இடமும் கரன்ட்டும்

வாசலுக்கு நேரே, வெயில் விழும் இடத்தில் திரையை வைக்காதீர்கள். பின்னேர வெயிலில் எழுத்தும் தெரியாது, பில் ரோலும் கறுக்கும். பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கம் கடற்காற்று அடிக்கும் கடையாக இருந்தால் பின்பக்கச் சொக்கற்றுகள் துருப்பிடிக்கும். பாவிக்காத துளைகளை ரப்பர் மூடியால் அடைத்து வையுங்கள்.

நமது கரன்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய மெஷின் என்றால் அடப்டரில் ‘100–240’ என்று இருக்கிறதா பாருங்கள். 110 மட்டும் என்றிருந்தால் கொழுவாதீர்கள். ஏர்த் ஒழுங்காக உள்ள 13 அம்பியர் சதுர பிளக் ஒன்றை மின்வேலை செய்பவரிடம் சொல்லித் தனியாக எடுப்பியுங்கள். குளிர்சாதனப் பெட்டி ஓடும் அதே எக்ஸ்டென்ஷன் வயரில் பில் மெஷினைக் கொழுவுவது நல்லதல்ல, கொம்பிரசர் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் விழும்.

கரன்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் மெஷினை ஓடவைக்கும் பற்றரிப் பெட்டி, அதாவது யுபிஎஸ், கட்டாயம். ஒரு திரை, ஒரு பிரிண்டர், ஒரு ரவுட்டர் மட்டும் என்றால் 650 விஏ அளவு, வரிசையில் நிற்பவர்களுக்கு பில் அடித்து முடித்து மெஷினை ஒழுங்காக நிறுத்துவதற்குக் காணும். ரவுட்டரை யுபிஎஸ்ஸில் கொழுவ மறந்துவிடுகிறார்கள், பிறகு மெஷின் ஓடும், இணையம் இராது. ஃபோட்டோ பிரதி மெஷினையோ லேசர் பிரிண்டரையோ அந்த யுபிஎஸ்ஸில் சேர்க்க வேண்டாம், அது தாங்காது.

வயர்களைக் கொழுவுதல்

எல்லாவற்றையும் கரன்ட் இல்லாமல் கொழுவி, கடைசியில் சுவிட்சைப் போடுங்கள். ஸ்கேனர் யுஎஸ்பியில் போகும், பிரிண்டரும் பெரும்பாலும் யுஎஸ்பியில்தான். காசு லாச்சியின் வயர் மட்டும் திரைக்குப் போகாமல் பிரிண்டரின் பின்பக்கம் போகும். அதன் முனை தொலைபேசி வயர் போலவே இருக்கும். அந்த ஓட்டையில் தப்பித்தவறியும் உண்மையான தொலைபேசி வயரைக் கொழுவாதீர்கள், பிரிண்டர் பழுதாகலாம். பில் விழும்போது பிரிண்டர் லாச்சிக்கு ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும், பூட்டு விடுபட்டு லாச்சி திறக்கும். லாச்சித் திறப்பு இரண்டையும் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்காமல், ஒன்றை வீட்டில் வையுங்கள்.

விண்டோஸில் மாற்ற வேண்டியவை

நேரவலயத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர, +5:30 என்று தேர்ந்து, திகதி சரியா பாருங்கள். பழைய மெஷினில் கரன்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் திகதி பின்னுக்குப் போனால், உள்ளே இருக்கும் நாணய வடிவப் பற்றரி தீர்ந்துவிட்டது. பிழைத் திகதியோடு ஒரு பில்கூட அடிக்காமல் அதை மாற்றுங்கள்.

பவர் ஒப்ஷன்ஸில் திரை அணைவதையும் தூங்குவதையும் ‘நெவர்’ ஆக்குங்கள். அதே இடத்தில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்’ என்பதையும் நிறுத்துங்கள். ஸ்கேனர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் செத்துப்போகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புதுப்பிப்புகள் கடை நேரத்தில் மெஷினை நிறுத்தித் தொடங்காமல் இருக்க, ‘அக்டிவ் அவர்ஸ்’ஐக் கடை திறக்கும் நேரத்திலிருந்து பூட்டும் நேரம் வரை வையுங்கள்.

வாடிக்கையாளர் பக்கம் இரண்டாவது திரை இருந்தால் ஒரு வினோதம் நடக்கும். உங்கள் திரையைத் தொட, அழுத்தம் மற்றத் திரையில் விழும். கன்ட்ரோல் பனலில் ‘டேப்லெட் பிசி செட்டிங்ஸ்’ போய் ‘செட்டப்’பை அழுத்துங்கள். எந்தத் திரை தொடுதிரை என்று அது கேட்கும், தொட்டுக் காட்டினால் சரி. தொடும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அழுத்தம் விழுந்தால், அங்கேயே ‘கலிபிரேட்’ இருக்கிறது.

பிரிண்டரும் தமிழும்

80 மில்லிமீற்றர் ரோல் பிரிண்டரையே வாங்குங்கள். அதில் ஒரு வரிக்கு 48 ஆங்கில எழுத்து விழும், 58 மில்லிமீற்றரில் 32தான். தமிழ்ப் பெயருக்கும் விலைக்கும் அளவுக்கும் 32 காணாது.

முதலில் பிரிண்டரை மட்டும் சோதியுங்கள். ஃபீட் பொத்தானை அழுத்தியபடியே சுவிட்சைப் போட்டால் பெரும்பாலான பிரிண்டர்கள் ஒரு சோதனைத் தாளை அடிக்கும். தாள் வெளியே வந்து எழுத்து ஒன்றும் இல்லையென்றால் ரோல் மாறிப் போட்டிருக்கிறீர்கள். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் அச்சுப் பக்கம்.

பில் பிரிண்டர்களில் பெரும்பாலானவை எப்சன் நிறுவனம் வகுத்த கட்டளை முறையில் ஓடுகின்றன. மென்பொருள் ‘இந்த எழுத்தை அடி’ என்று இலக்கத்தை அனுப்பும், பிரிண்டர் தன் உள்ளே இருக்கும் எழுத்துகளிலிருந்து எடுத்து அடிக்கும். அந்த உள் எழுத்துகளில் பொதுவாகத் தமிழ் இராது. அதனால்தான் பில்லில் கேள்விக்குறிகள் வருகின்றன. இதற்கு வழி, பில்லைப் படமாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்புவது. மென்பொருள் அமைப்பில் ‘கிராஃபிக்ஸ்’ அல்லது ‘விண்டோஸ் டிரைவர் மூலம் அச்சிடு’ என்ற தெரிவைத் தேடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் எழுத்து ஒழுங்காக விழும்.

சோதிக்க ‘கொத்தமல்லி’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பு ‘க’வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் நின்று, இடையில் இடைவெளியோ புள்ளி வட்டமோ இல்லாமல் வந்தால் சரி. பிறகு ‘நெய்’, ‘சீனி’, ‘உளுத்தம்மா’, ‘ஸ்ரீ’. இவை சரியென்றால் மற்றதும் சரியாக விழும்.

பில்லின் தலையில் கடைப் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், அடியில் மாற்றிக்கொடுக்கும் விதி ஒரு வரியில் போதும். வணக்கம், நன்றி, மீண்டும் வருக, வாழ்த்து என்று நீட்டினால் ரோல்தான் தீரும். இன்னொன்று: இந்த அச்சு சூட்டில் வருவது, சூட்டிலேயே மங்கும். கொள்வனவு பில்களைக் கொப்பியில் ஒட்டி வைப்பவர்கள் எழுத்தின் மேல் செலோடேப் ஒட்டாதீர்கள், பசை எழுத்தை அழித்துவிடும். ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

ஸ்கேனரும் தராசும்

ஸ்கேனர் மெஷினுக்கு இன்னொரு கீபோர்ட் மாதிரித்தான். நோட்பாட்டைத் திறந்து ஒரு சவர்க்காரத்தை ஸ்கேன் பண்ணுங்கள். இலக்கம் விழுந்து, கேர்சர் அடுத்த வரிக்குப் போக வேண்டும். போகாவிட்டால், ஸ்கேனரோடு வந்த சிறு புத்தகத்தில் ‘என்டர்’ சேர்க்கும் பார்கோட் இருக்கும், அதை ஒருமுறை ஸ்கேன் பண்ணினால் சரி. பில் அடிக்கும்போது கீபோர்ட் மொழி ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழில் இருந்தால், எழுத்துக் கலந்த குறியீடுகள் தமிழெழுத்தாக விழும்.

லேபல் அடிக்கும் தராசு இருந்தால் நிறையை பார்கோட்டுக்குள்ளேயே வைக்கலாம். உதாரணமாக 2100125012501 என்ற பார்கோட்டில், 21 உள்பாவனைக் குறி, 00125 சாமான் இலக்கம், 01250 கிராமில் நிறை, அதாவது 1 கிலோ 250 கிராம், கடைசி 1 சரிபார்ப்பு இலக்கம். தராசிலும் மென்பொருளிலும் இந்தப் பிரிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். தராசு நிறையை அனுப்ப, மென்பொருள் அதை விலையென்று வாசித்தால் 1 கிலோ 250 கிராம் பருப்பு 12 ரூபாய் 50 சதத்துக்குப் போய்விடும். தராசின் வருடாந்த அரச முத்திரையும் தவறக் கூடாது, புது மெஷின் வந்தாலும் அந்த விதி மாறாது.

வரியும் காசும்

நீங்கள் வற் எனும் பெறுமதி சேர் வரிக்குப் பதியாதவர் என்றால் பில்லில் வற் என்ற வரியே வரக்கூடாது, வசூலிக்கவும் முடியாது. அமைப்பில் அதை நிறுத்திவிடுங்கள். பதிந்தவர் என்றால், 2024 ஜனவரி 1 முதல் வீதம் 18. பதிவு வரம்பு மாறக்கூடியது, உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். நம் சில்லறை விலைகள் வரியை உள்ளடக்கியவை, ஆகவே ‘வரி உள்ளடங்கிய விலை’ என்ற தெரிவையே எடுங்கள். 590 ரூபாய் சாமானில் வரி 90. மென்பொருள் 106.20 என்று காட்டினால் அது 590க்கு மேல் 18 வீதம் கணக்கிடுகிறது, அமைப்பு பிழை. வரி உள்ள சாமானுக்கும் விலக்குள்ள சாமானுக்கும் தனித்தனிக் குறியீடு போடுங்கள்.

நிறுத்து விற்கும்போது சதக்கணக்கு வரும், கொடுக்கச் சதக் காசு யாரிடமும் இல்லை. மொத்தத்தைக் கிட்டிய ரூபாய்க்கு மாற்றும் தெரிவைப் போடுங்கள்.

பணம் வாங்கும் வழிகளாக காசு, கார்ட், கியூஆர், கடன் என்று நான்கு பொத்தான் வையுங்கள். வங்கி தரும் கார்ட் மெஷின் பெரும்பாலும் பில் மெஷினோடு இணையாது, தொகையைக் கையால் அடிக்க வேண்டும். இரவில் கார்ட் மெஷினின் மொத்தமும் பில் மெஷினின் கார்ட் மொத்தமும் ஒன்றாக வருகிறதா பாருங்கள். கார்டுக்கென்று வாடிக்கையாளரிடம் மேலதிகமாக வாங்கக் கூடாது. கியூஆருக்கு, மத்திய வங்கி 2018இல் கொண்டுவந்த லங்காகியூஆர் தரத்திலான ஒரே அட்டை போதும், எந்த வங்கிச் செயலியாலும் கட்டலாம். வாடிக்கையாளர் தன் கைபேசித் திரையில் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் கைபேசிக்குச் செய்தி வந்த பிறகே பில்லை மூடுங்கள்.

கடன் கொப்பியை மெஷினுக்குள் கொண்டுவருவதை நான் பெரிதும் விரும்புகிறேன். ஒவ்வொரு கடன்காரருக்கும் ஒரு கணக்கு, ஒரு உச்சவரம்பு. கட்டும்போது மீதியோடு பில் விழும், அவரும் ‘எவ்வளவு நிற்கிறது?’ என்று மற்றவர்கள் முன்னால் கேட்க வேண்டியதில்லை. பழைய கொப்பியிலுள்ள மீதிகளை ஏற்றும்போது, ஒவ்வொருவரிடமும் தொகையைச் சொல்லி ஒத்துக்கொண்டு ஏற்றுங்கள்.

முன்பக்கப் பொத்தான்கள்

பார்கோட் உள்ள சாமானுக்குப் பொத்தான் தேவையில்லை. முதற் பக்கத்தில் பார்கோட் இல்லாமல் அடிக்கடி ஓடுபவை மட்டும், இருபது இருபத்துநான்கு பொத்தான் போதும். பாண், முட்டை, தேங்காய், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, பனங்கட்டி. அதிகம் ஓடுபவை வலக்கைப் பக்கம் கீழே. ‘முட்டை’யும் ‘பில்லை அழி’யும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. பொத்தான்கள் சிறிதாகத் தெரிந்தால் விண்டோஸில் ‘ஸ்கேல்’ 125 வீதமாக்குங்கள். ‘இதர’ பொத்தானை முதலாளியின் கடவு இலக்கத்துக்குள் வைத்துவிடுங்கள்.

காசாளர் ஒவ்வொருவருக்கும் தனி இலக்கம் கொடுங்கள். பில்லை அழித்தல், திருப்பி எடுத்தல், விலை மாற்றுதல், விற்பனை இல்லாமல் லாச்சி திறத்தல், இந்த நான்கும் முதலாளியின் அனுமதியோடுதான் நடக்க வேண்டும். இதை வேலைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொல்லுங்கள். காசு குறைந்தால் யார் மேல் சந்தேகம் என்ற பேச்சே வராமல், அவர்களைத்தான் இது முதலில் காப்பாற்றுகிறது.

ஒத்திகையும் முதல் கிழமையும்

நல்லூர்த் திருவிழாக் காலத்திலோ, தீபாவளி, பொங்கல், வருடப்பிறப்புக்கு முந்தின கிழமையிலோ புது மெஷினைத் தொடங்காதீர்கள். மாத நடுவில் ஒரு ஆறுதலான நாள் பாருங்கள். அதற்கு முதல் நாள் கடை பூட்டிய பிறகு ஒத்திகை நடக்கட்டும். சாதாரண விற்பனை, நிறுத்து விற்கும் சாமான், இரண்டு விலைப் பக்கற்று, பாதி காசு பாதி கார்ட், கடன், திருப்பி எடுத்த சாமான் என்று ஒவ்வொன்றையும் காசாளரே அடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் கரன்ட் சுவிட்சை நிறுத்துங்கள், யுபிஎஸ் பிடிக்கிறதா தெரிந்துவிடும். ரவுட்டரை நிறுத்திவிட்டும் ஒரு பில் அடியுங்கள். முடிந்ததும் ஒத்திகை பில்களை அழித்து, பில் இலக்கத்தை 1இலிருந்து தொடங்க வையுங்கள்.

காலையில் சில்லறைக் காசை எண்ணி ‘தொடக்க மீதி’யாகப் பதியுங்கள். இரவில் முதலில் லாச்சியை எண்ணி எழுதுங்கள், பிறகே நாள்முடிவு அறிக்கையை எடுங்கள். அறிக்கையை முதலில் பார்த்தால் கை தன்னை அறியாமல் அந்தத் தொகைக்கு எண்ணும். முதல் கிழமை பழைய முறையிலும் மொத்தத்தை எழுதி ஒப்பிடுங்கள்.

அன்றைய தரவின் நகலைத் தினமும் எடுக்க வேண்டும். இரண்டு யுஎஸ்பி வைத்து, ஒன்று மெஷினில், மற்றது வீட்டில் என்று மாற்றி மாற்றிப் பாவியுங்கள். இரண்டும் கடைக்குள்ளேயே இருந்தால் திருட்டிலோ தீயிலோ சேர்ந்தே போகும். நகல் எடுத்தது காணாது, அது திறக்குமா என்றும் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை வீட்டிலுள்ள கணினியில் மென்பொருளைப் போட்டு அந்த நகலை ஏற்றுங்கள். நகல் எடுத்த அன்றைய கடைசி பில்லின் இலக்கமும் தொகையும் அதில் அப்படியே வந்தால் நகல் நல்லது. வராவிட்டால் மென்பொருள் தந்தவரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.